கொலைக்களக் காதையில் ஊர்காப்பாளர்

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டம்பற்றி ஈழத்திலும் தமிழகத்திலும் எழுந்த கட்டுரைகள் பல. நீதி வழுவிய பாண்டியன், நீதி கேட்ட கண்ணகி, இருவரையும் இயக்கிய ஊழ் ஆகிய மூன்றையும் சுற்றியே அவற்றுட் பெரும்பாலன அமைகின்றன. வஞ்சகனாகிய பொற்கொல்லனுக்கு நாலாம் இடம் கிடைக்கும். இந்நான்கையும் ஆராய்ந்த அளவிற் கட்டுரையும் முடிந்துவிடும். கோவலன்மீது வாளெறிந்த காவலன் யார், அவன் பின்னர் என்ன ஆனான் என்னும் வினாவை யான் படித்த கட்டுரைகளுள் எதிலும் கண்டிலேன்.

இவ்வினா என் ஆராய்ச்சியில் முளைத்ததன்று. சில ஆண்டுகளின் முன்னர்ப் பாலையூற்றில் மாலை வகுப்பொன்றிற் கொலைக்களக் காதையைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "வெட்டினவனுக்கு என்ன நடந்தது, சேர்?" என்று கேட்டான். சிலர் சிரித்தனர். பாலையூற்றிலிருந்து கண்டி வீதியாற் சென்று திருகோணமலைக் கடற்கரையை அடைந்து காந்தி சிலையருகே நின்று பார்த்தவர் எவரும் அவ்வினாவைக் கேட்டுச் சிரியார். யானும் சிரிக்கவில்லை, விடையும் கூறவில்லை. "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அதன்பின் நூலைக் கையிலெடுத்து, காவலன் ஒருவனையே தேடிப் படித்தபோது கண்டவற்றை இங்கு எழுதுகின்றேன்.

முதலிற் கதை நிகழ்ச்சியை உள்ளபடி வைத்துக்கொள்வோம். அரசியின் சிலம்பைத் தானே திருடிய பொற்கொல்லன், அந்தப்புரம் நோக்கிச் செல்லும் பாண்டியனை வாயிலிற் கண்டு வணங்கி, சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலின் அருகே இருக்கின்றான் என்கின்றான். அரசன் அமைச்சரை அழைக்கவில்லை, அவையைக் கூட்டவில்லை. ஊர்காப்பாளரைக் கூவி, அவன் கையிற் சிலம்பு இருக்குமாயிற் கொன்று அதனைக் கொண்டு வருமாறு ஏவிவிட்டுத் தேவியின் ஊடலைத் தணிக்கச் செல்கின்றான். கொல்லும்பொருட்டுக் கொணர்க என்று கூற நினைத்த அரசன் வினைவயத்தாற் சொல் பிறழ்ந்தான் என்று விளக்குவாரும் உளர். சொல் பிறழ்ந்ததோ இல்லையோ, அரசன் ஆராய்ந்திலன் என்பதை அடிகளே கூறிவிடுகின்றார்.

இதுவரை எல்லாரும் அறிந்ததே. இனி வருவதை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். ஊர்காப்பாளர் குடிலுக்கு வந்து கோவலனைக் காண்கின்றனர். கண்டவுடன் வெட்டவில்லை. இவன் தோற்றம் கொலைக்கு உரியவன் தோற்றமன்று என்று அவர்கள் வாயாலேயே சொல்கின்றனர். பொற்கொல்லன் நகைக்கின்றான், கள்வர் கைக்கொள்ளும் துணை எட்டு என்று எண்ணிக் காட்டுகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டும் உடையவனைத் தோற்றங்கொண்டு அறியலாகாது என்பது அவன் வாதம். குற்றமற்ற தோற்றத்தையே குற்றத்துக்குச் சான்றாக மாற்றிவிடும் வாதம் இது. இதற்கு மறுமொழி சொல்ல இயலாது; அழுதால் நடிப்பு, அமைதியாக இருந்தால் மந்திரம்.

அதன்பின் வேலேந்திய இளங்காவலன் ஒருவன் தன் அனுபவம் ஒன்றைக் கூறுகின்றான். மழை இரவொன்றில் நீல உடை அணிந்த கள்வன் ஒருவன் எதிர்ப்பட்டான், வாளை உருவினேன், அவனோ வாளையே பற்றிக்கொண்டு மறைந்தான், பின்னர் அவனைக் கண்டிலேன் என்கின்றான். கள்வர் செயல் அரியது, தப்பவிட்டால் அரசன் நம்மை வருத்துவான், ஆதலால் தக்கது ஒன்றைச் சொல்லுங்கள் என்று படைத்துணைவரைக் கேட்கின்றான். இந்த இளைஞன் கொடியவனல்லன். அவன் மனத்தில் இருப்பவை பழைய தோல்வி ஒன்றும் மேலிடத்து அச்சம் ஒன்றுமே. கேட்ட கேள்விக்கு எவரும் விடை கூறுமுன்னர், கல்வியறிவற்ற கள்ளுண்ட ஒருவன் வாளை எறிந்துவிடுகின்றான். கோவலன் வீழ்கின்றான்.

ஏறக்குறைய ஒரு பொலிஸ் நிலையத்தின் உள்ளே நிகழும் உரையாடல் இஃது. தன்னலம் கருதிய ஒருவன் தகவல் தருகின்றான், மேலிடம் ஆராயாது கட்டளையிடுகின்றது, கீழுள்ளோர் ஐயுறுகின்றனர், கள்வரெல்லாம் இத்தகையர் என்னும் பொதுக் கதை அவ்வையத்தை அடக்குகின்றது, அச்சம் எஞ்சியதை முடிக்கின்றது. குற்றம் ஒருவன் கையில் முடிந்ததாயினும் நால்வர் ஐவர் முன்னிலையிற் படிப்படியாக விளைந்தது என்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய காவியப் பகுதி தமிழில் வேறு இல்லை என்பேன்.

ஆயினும் ஓரிடத்தில் இளங்கோவடிகளோடு மாறுபட வேண்டியிருக்கின்றது. வாளெறிந்தவனைக் கல்லாதவனாகவும் களியனாகவும் அவர் ஏன் ஆக்கினார்? கல்வியும் தெளிவும் உடைய காவலன் இதனைச் செய்யான் என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கின்றது. அந்நம்பிக்கை மற்றைக் காவலர்க்கு ஒரு புகலிடம் ஆகிவிடுகின்றது. ஒரு குடியன் செய்தான், நாங்கள் ஆராய்ந்துகொண்டுதான் இருந்தோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம். எந்தப் படையிலும் குற்றம் வெளிப்படும்போது முதலில் வரும் விடை இதுதான்: எங்கோ ஓர் ஒழுக்கங்கெட்டவன் இருந்தான், படை நல்லது. தயங்கி நின்றவர்கள் அவன் கையைப் பிடிக்கவில்லை என்பதை அடிகள் காட்டுகின்றார், ஆனாற் கேட்கவில்லை.

வழக்குரை காதையிலும் கேட்கப்படவில்லை. கண்ணகி அரண்மனை வாயிலுக்கு வருகின்றாள். காவலன் உள்ளே சென்று அறிவிக்கின்றான். அரசன் அழைத்துவரச் சொல்கின்றான். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என்று அரசன் கூற, அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள், தேவியின் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் ஒப்புகின்றான், சிலம்பு உடைகின்றது, மாணிக்கம் தெறிக்கின்றது. கொலைக்கு முன்னர்ச் செய்திருக்க வேண்டிய விசாரணை கொலைக்குப் பின்னர்ச் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றது. அரசன் தன்னையே கள்வன் எனக் கூறி உயிர் விடுகின்றான்.

இவ்விடத்தை நாம் தமிழர் நீதியின் உச்சம் என்று போற்றிவருகின்றோம். போற்றத்தக்கதே. ஆனால் அரசன் முழுப் பழியையும் தன்மேற் சுமந்து வீழ்ந்த அக்கணத்திலேயே, காவலனின் குற்றம் காவியத்திலிருந்து மறைந்துவிடுகின்றது. அவன் மதுரைத் தீயில் மாண்டானோ, தப்பிப் பிழைத்தானோ, நாம் அறியோம். தண்டனை வந்தபோது அது வேறோர் இடத்தில் விழுந்தது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலிற் பலியிட்டான் என்று நூல் கூறும். ஒரு பொற்கொல்லன் வஞ்சித்தமைக்கு ஆயிரம் பொற்கொல்லர்! வாளெறிந்த காவலன் ஒருவனைப்பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அரசனின் நாணம் ஒருபுறமும், குற்றமற்ற ஒரு கூட்டத்தார்மேல் விழுந்த பழி மறுபுறமுமாக, நடுவே இருந்த தனிமனிதப் பொறுப்பு நழுவிப்போயிற்று.

இதற்கு மறுப்பாகக் கட்டுரை காதையை ஒருவர் எடுத்துக் காட்டலாம். அங்கே மதுராபதித் தெய்வம் கண்ணகியின் சினத்தைத் தணித்தற்குப் பாண்டியர் குடியின் நீதிக்குச் சான்றாகப் பழங்கதைகளைக் கூறுகின்றது. ஒன்று பொற்கைப் பாண்டியன் கதை. கீரந்தை என்பான் இல்லத்துக் கதவை இரவிலே தட்டிய தன் கையைத் தானே குறைத்துக்கொண்டான் அவன். காத்தல் தொழிலுக்குப் புறப்பட்டவன் செய்த பிழைக்கு அவனே குற்றவாளி, அவனே நீதிபதி. உயர்ந்த கதை, எனினும் தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளும் அரசனை எதிர்பார்த்து எந்த நாடும் சட்டம் இயற்ற முடியாது.

மற்றது வார்த்திகன் கதை. நம் பொருளுக்கு மிக நெருங்கியதும் வகுப்பறைகளில் அதிகம் பேசப்படாததும் அதுவே. திருத்தங்காலில் வார்த்திகன் என்னும் அந்தணனின் சிறுவன் வேதத்தைப் பிழையின்றி ஓதி, பராசரன் என்பானிடம் அணிகலன்களைப் பரிசிலாகப் பெற்றான். அச்செல்வத்தைக் கண்டு பொறாத அரச ஏவலர், அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தவன் என்று கூறி வார்த்திகனைச் சிறையில் இட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து அழுதாள். கொற்றவை கோயிற் கதவு திறவாதாயிற்று. அரசன் ஆராய்ந்து உண்மை அறிந்து, வார்த்திகனை வணங்கி, அறியாத மாக்களால் என் முறை பிழைத்தது, பொறுத்தருள்க என்று வேண்டித் திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். கோயிற் கதவு பெருமுழக்கத்தோடு திறந்தது. நாட்டுச் சிறைகளும் திறக்கப்பட்டன.

பொய்க் குற்றஞ் சாட்டிக் கைதுசெய்தல், மேலிடத்து விசாரணை, பகிரங்க மன்னிப்பு, நட்டஈடு, பொது விடுதலை ஆகிய அனைத்தும் இக்கதையில் உள. இல்லாதது ஒன்றே. பொய் சொல்லிச் சிறையிலிட்ட ஏவலரை அரசன் ஒரு வார்த்தை கேட்டதாக நூலில் இல்லை. அவர்கள் அறியாதவர்கள், அவ்வளவே. பொறாமையினாற் செய்த செயல் அறியாமை ஆகிவிட்டது! நிலம் அரசன் கருவூலத்திலிருந்து வந்தது; ஏவலர் மறுநாளும் வேலைக்கு வந்திருப்பர்.

தமிழ் மரபு முழுவதும் இவ்வாறே என்று கூறுதல் பிழை. சேக்கிழார் ஒரு படி மேலே சென்றிருக்கின்றார். மனுநீதி கண்ட சோழன் வரலாற்றில், காவலன் என்பான் உயிர்களுக்கு ஐந்து வழிகளால் வரும் அச்சத்தைத் தீர்க்கவேண்டும் என்று அவர் வகுக்கின்றார். முதலாவது அவனால் வருவது. இரண்டாவது அவன் பரிசனத்தால் வருவது. பகைவர், கள்வர், விலங்கு முதலிய உயிர்கள் என்பன அவற்றின் பின்னரே வருகின்றன. இவ்வரிசை தற்செயலானதென்று யான் கருதவில்லை. சோழர் அரசில் உயர்பதவி வகித்தவர் என்று போற்றப்படும் புலவர், அரச ஏவலரைக் கள்வருக்கு முன்னர் வைத்திருக்கின்றார். உள்ளிருந்து கண்டவர் ஆதலின் அவருக்குத் தெரிந்திருக்கும். அக்கதையிலேயே, இளவரசனின் தேர்க்காலிற் கன்று இறந்தபோது, அந்தணர் விதித்த முறைப்படி கழுவாய் செய்தாற் போதும் என்கின்றனர் அமைச்சர். அரசன் மறுக்கின்றான். குற்றம் செய்தவனை விசாரிக்காது கழுவாயால் முடித்துவிடுதல் நீதி ஆகாது என்பது அவன் நிலை. நம் காலத்தில் அக்கழுவாய்க்கு இடமாற்றம் என்று பெயர்.

இனித் திருகோணமலைக் கடற்கரைக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் நாள் மாலை, காந்தி சிலைக்கு அண்மையிற் கூடியிருந்த மாணவருள் ஐவர் கொல்லப்பட்டனர். இருவர் காயத்தோடு உயிர் தப்பினர். தாம் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே அவர்கள் இறந்தனர் என்று அரச தரப்பிலிருந்து முதலிற் கூறப்பட்டது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிற்று. சுடர் ஒளிப் பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களும் அதனையே காட்டின. ஜனவரி 24 ஆம் நாள் அவர் இதே நகரில் வீதியிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தை மீண்டும் நினைவுகொள்க. ஒரு பொருட் சான்று அரச தரப்பின் கதையை உடைத்தது அங்கே. புகைப்படம் அதே வேலையைச் செய்தது இங்கே. பாண்டியன் அச்சான்றின் முன் தலை தாழ்த்தினான். இங்கே சான்றை எடுத்தவர் இருபத்திரண்டு நாளில் இல்லாமற்போனார். அக்கொலையைச் செய்தவர் இன்னார் என்று எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை.

வழக்கின் பின்வரலாறு நீண்டது, சலிப்பூட்டுவது. அச்சலிப்பே அதன் இயல்பு ஆதலின் அதனைக் கூறாது விடலாகாது. மாணவர் கொலையில் விசேட அதிரடிப்படையினர் சிலர் சந்தேகத்திற் பிடிக்கப்பட்டு விடப்பட்டனர். அந்தப் படை பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பிரிவு என்பதை நம் மாணவர் பலர் அறியார். சீருடையைக் கொண்டு இராணுவம் என்றே எண்ணுவர். 2006 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதியரசர் நிசங்க உடலாகம தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் வேலையைக் கண்காணிக்க இந்தியாவின் முன்னாட் பிரதம நீதியரசர் பி. என். பகவதி தலைமையில் வெளிநாட்டு வல்லுநர் குழு ஒன்று வந்தது. சட்டமா அதிபர் திணைக்களமே புலனாய்வாளர்க்கு ஆலோசனை கூறியும் ஆணைக்குழுவின்முன் சாட்சிகளை நெறிப்படுத்தியும் நிற்பது முரண்பாடு என்பதை அக்குழு எடுத்துக்கூறியது. நடைமுறை சர்வதேச நியமங்களை எட்டவில்லை என்று சொல்லி 2008 இல் விலகிற்று. மகன் ஒருவரை இழந்த மருத்துவர் மனோகரன் மரண விசாரணையில் உண்மை பேசியமைக்காக அச்சுறுத்தப்பட்டு, குடும்பத்தோடு நாடு நீங்கினார். 2008 இற் காணொளி வழியாகவே அவர் ஆணைக்குழுவுக்குச் சாட்சியம் அளிக்க நேர்ந்தது. பின்னர் அக்காணொளி வழியும் நிறுத்தப்பட்டது. 2009 இல் ஆணைக்குழுவின் காலம் முடிந்தது. சீருடை அணிந்தோரின் தொடர்பை ஊகித்தற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று அதன் அறிக்கை கூறியது. அறிக்கையோ 2015 வரை மக்கள் கண்ணிற் படவில்லை. இடையில், 2011 இற் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் இவ்வழக்கிற் சட்ட நடவடிக்கை வேண்டும் என்றது. 2013 ஜூலையில் அதிரடிப்படையினர் பன்னிருவர் கைதாயினர். அதே ஆண்டு ஒக்டோபரிற் பிணையில் வெளிவந்தனர். 2019 ஜூலை 3 ஆம் நாள் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சான்று இல்லை என்ற காரணத்தாற் சந்தேகநபர் பதின்மூவரையும் விடுவித்தது.

விடுவிக்கப்பட்டோரைக் குற்றவாளிகள் என்று கூறும் உரிமை நமக்கில்லை. சாட்சி இல்லாத இடத்தில் நீதவான் தண்டித்தல் இயலாது. தண்டித்தால் அது பாண்டியன் செய்த பிழையையே திரும்பச் செய்வதாகும். ஆனாற் சாட்சிகள் ஏன் இல்லை? கண்ணகி வாயிலில் நின்றபோது அவளை எவரும் மிரட்டவில்லை. வாயிற்காவலனே அவள் வருகையை அறிவித்தான். இங்கே வாயிலுக்கு வரக்கூடியவர் கடல் கடந்து வாழ்கின்றனர். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று இந்நாட்டில் 2015 இலேயே, கொலை நிகழ்ந்து ஒன்பது ஆண்டு கழிந்தபின், 4 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சட்டம் வந்தபின் சாட்சிகள் திரும்பி வந்துவிடுவர் என்று எதிர்பார்த்தல், வாளை உறையில் இட்டுவிட்டோம், இனிக் கோவலன் எழுந்து வருக என்று அழைப்பதை ஒக்கும்.

போர்க்காலத்தில் இவையெல்லாம் நிகழ்ந்தே தீரும் என்று சிலர் கூறுவர். கற்றோர் வாயிலும் இது வருகின்றது. சட்டம் இயலாமற்போனதா, இயக்கப்படாமற்போனதா என்று அவர்களைக் கேட்கவேண்டும். 2009 ஆகஸ்டிற் கொழும்புக்குத் தெற்கே அங்குலானையில் இளைஞர் இருவர் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர்க் கொல்லப்பட்டுக் கிடந்தனர். ஊரவர் திரண்டனர். 2011 இல் நிலையப் பொறுப்பதிகாரி உட்பட நான்கு பொலிசாருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதே பொலிஸ் கட்டளைச் சட்டம், 1865 ஆம் ஆண்டினது. அதே தண்டனைச் சட்டக் கோவை. அங்கே சாட்சி சொல்ல வேண்டியவர் தம் வீட்டிலேயே இருந்தனர். மரண தண்டனையை யான் விரும்புபவன் அல்லன். தீர்ப்பு வந்தது என்பதையே குறிக்கின்றேன்.

தமிழகத்து வாச்சாத்தி வழக்கு இன்னும் நுணுகி நோக்கத் தக்கது. தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடி ஊர் அது. 1992 ஜூன் 20 ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் பொலிசாரும் வருவாய்த்துறையினரும் ஊரைச் சூறையாடினர். பெண்கள் பதினெண்மர் வன்புணர்வுக்கு ஆளாயினர். முதலிற் கள்வர் எனப்பட்டவர் அவ்வூரார்தாம்! பொற்கொல்லனின் எட்டுத் துணைகளை ஒரு கிராமம் முழுவதன்மேலும் ஏற்றியது போன்றது அது. குற்றஞ் சாட்டப்பட்டோர் 269 பேர். தீர்ப்பு வந்த 2011 செப்டெம்பர் 29 இல் அவருள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் கண்டது. பன்னிரண்டு ஆண்டு கழிந்து, 2023 இல் அதே செப்டெம்பர் 29 ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அதற்குமுன் நீதிபதி பி. வேல்முருகன் அவ்வூருக்கே சென்று இடங்களை நேரிற் கண்டார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபா வழங்குமாறும், அதிற் பாதியைத் தண்டிக்கப்பட்டவரிடமிருந்தே அறவிடுமாறும் பணித்தார். அக்காலத்து மாவட்ட ஆட்சியர், பொலிஸ் கண்காணிப்பாளர், வன அலுவலர்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

வார்த்திகனுக்கு நிலம் அளித்த பாண்டியன் செய்யாது விட்டது இவ்வறவீடே. அரசன் பொருளிலிருந்து ஈடு செய்தால், உண்மையில் அதனைக் கொடுப்போர் வரி செலுத்தும் குடிகள். பாதிக்கப்பட்டவரும் அவருள் ஒருவர். இலங்கை உயர் நீதிமன்றமும் அடிப்படை உரிமை வழக்குகளில் இவ்வழியைப் பற்றியதுண்டு. 2023 டிசெம்பரில், ஒருவரைத் தடுத்துவைத்துச் சித்திரவதை செய்தமைக்காகப் பொலிஸ் உயரதிகாரி தேசபந்து தென்னக்கோன் உள்ளிட்டோர் தம் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பின்னரும் அவர் பொலிஸ்மா அதிபராக நியமிக்கப்பட்டார் என்பது வரலாறு. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் கடமையாற்றுவதை இடைநிறுத்தியது. 2025 ஆகஸ்டிற் பாராளுமன்றம் அவரைப் பதவியினின்றும் நீக்கியது. சுயாதீனப் பொலிஸ் ஆணைக்குழு ஒன்று 2001 ஆம் ஆண்டு 17 ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தாற் பிறந்து, 2010 இல் மெலிந்து, 2015 இல் மீண்டு, 2020 இல் மறுபடியும் மெலிந்து, 2022 இல் மீண்டும் உயிர் பெற்ற கதையை யான் இங்கு விரிக்கவில்லை. ஊடலும் கூடலும் இத்தனை முறை கோப்பெருந்தேவிக்கும் பாண்டியனுக்குங்கூட நிகழ்ந்திரா.

எனினும் ஆணைக்குழுக்களும் திருத்தங்களும் எட்டாத ஓரிடம் உண்டு. அது கொலைக்களக் காதையில் தயங்கி நின்ற காவலரின் மனம். இவன் கள்வனல்லன் என்று வாய் திறந்து சொன்னவர்கள், பின்னர் அரசவையில் வந்து அதனைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாற் கண்ணகி சிலம்பை உடைத்திருக்க வேண்டியதில்லை. 2020 ஜூனில் தமிழகத்துச் சாத்தான்குளம் பொலிஸ் நிலையத்தில் வணிகராகிய தந்தையும் மகனும் அடித்துத் துன்புறுத்தப்பட்டு, சில நாளுள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். மதுரையிலிருந்த உயர் நீதிமன்றக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. நிலையத்தையே வருவாய்த்துறை அதிகாரிகளின் பொறுப்பில் வைத்தது. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவருடன் அங்கிருந்தோர் ஒத்துழைக்கவில்லை. அன்றிரவு அந்நிலையத்திற் கடமையிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் மட்டும் விடியும்வரை அடித்ததைத் தாம் கண்டவாறு நடுவரிடம் கூறினார். அச்சத்தோடுதான் கூறினார், கூறினார் என்பதே செய்தி. இளங்கோவடிகள் எழுதாது விட்ட ஒரு பாத்திரம் அவர். அதே மதுரையின் நீதிமன்றத்துக்கு அவர் சொல் சென்று சேர்ந்தது என்பதைத் திறனாய்வாளன் குறிக்காமல் இருத்தல் அரிது.

கிழக்கிலங்கையிற் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசித் திங்களிற் படிக்கப்படும் நூலுக்குக் கண்ணகி வழக்குரை என்று பெயர். மதுரைப் பக்கத்தார் அக்கதையைச் சிலம்பின் பெயரால் வழங்க, நம் முன்னோர் அதனை வழக்கின் பெயரால் வழங்கினர். குளிர்த்திச் சடங்கில் அம்மனின் சினத்தைத் தணிக்க நீர் தெளிக்கின்றோம். வழக்கு உரைத்து முடிந்ததா என்று எவரும் கேட்பதில்லை. பாண்டியன் இறந்தமையால் முடிந்ததென்றே கொள்கின்றோம்.

அடுத்த கிழமை வகுப்புக்குச் சென்றபோது அம்மாணவன் வந்திருந்தான். வெட்டியவனுக்கு நேர்ந்தது நூலில் இல்லை என்றும், ஏன் இல்லை என்பதற்கு இங்கு எழுதியவற்றுட் சிலவற்றையும் கூறினேன். சற்று நேரம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மற்றக் காவல்காரர் ஒருத்தரும் சபைக்குப் போகேல்லையா, சேர்?" என்றான். போகவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.